வாக்கு வந்தது, காணி வரவில்லை

1865 ஜனவரியில், அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், படைத்தளபதி ஷெர்மன் ஒரு கட்டளை பிறப்பித்தார். தென் கரையோரத்தில் துரைமார் விட்டோடிய நிலத்தை, அடிமைத்தளையிலிருந்து மீண்ட குடும்பங்களுக்கு 40 ஏக்கருக்கு மேற்படாமல் பிரித்துக் கொடுக்கச் சொன்னது அது. ஆண்டு முடிவதற்குள் ஜனாதிபதி அண்ட்ரூ ஜோன்சன் பெரும்பகுதியைப் பழைய உரிமையாளர்களிடமே திருப்பிவிட்டார். 1870இல் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. தென் மாநிலங்கள் தேர்தல் வரி, எழுத்தறிவுச் சோதனை என்று சொல்லி அதைப் பறித்தன. 1965இல்தான் அது உறுதியாக மீண்டது. இந்த வரலாற்றை வாக்கின் கதையாகச் சொல்வதே வழக்கம். காணியின் கதையாக வாசித்தால் அது மாத்தளைக்காரருக்கு நன்றாகப் பழகிய கதை.

இங்கே அது 1840இல் தொடங்குகிறது. உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்றது அந்த ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். பரம்பரையாகச் சேனை வெட்டிய கண்டியக் குடியானவரிடம் உறுதி ஏது? காடு கோப்பித் தோட்டமாயிற்று. அதற்கு மேல் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, ரோட்டு வேலை என்று ஆளுநர் டொரிங்டன் சுமத்த, 1848 ஜூலை 28இல் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா முடிசூட, கிளர்ச்சி மாத்தளையில் வெடித்தது. ஓகஸ்டிலேயே கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள்.

பறித்த காணியில் வேலை செய்ய ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். ரயில் மாத்தளைக்கு வந்தது 1880இல்தான்.

வந்தவர்களைக் கட்டிப்போட்டது ‘துண்டு’. கங்காணி தந்த முன்பணமும் கடனும் இவ்வளவு என்று எழுதிய ஒரு சின்னக் காகிதம். அந்தத் தொகையைப் புதிய தோட்டம் கட்டினால்தான் பழைய தோட்டம் ஆளை விடும். மனிதருக்கு விலை போட்ட சீட்டு என்று இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. 1921இல்தான் அது ஒழிந்தது. மிசிசிப்பியில் பருத்திக் குத்தகைக்காரரின் கடைக்கணக்கும் செய்த வேலை இதுவே.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினருக்கும் வாக்குக் கிடைத்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. மறு வருடமே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1868இல் அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆம் திருத்தம், அந்த மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்றது. இங்கே பிறந்தது போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் பாட்டனும் பூட்டனும். லயத்தில் பிறந்தவர் பூட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவார்? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர் என்று பங்கு பிரித்தது. மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாம். பாட்டன் இறங்கிய தலைமன்னாரிலேயே பேரன் கப்பலேறினார். கடைசி முடிச்சு அவிழ 2003 வரை ஆயிற்று.

எழுபதுகளில் தோட்டங்களை அரசு எடுத்தபோது, கண்டி, மாத்தளைப் பகுதிகளில் காணி பக்கத்துக் கிராமங்களுக்குப் போனது. 1840இல் பறிகொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு அதில் நியாயம் உண்டு, மறுக்க மாட்டேன். லயத்துக்காரரை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வேலையும் கூரையும் இழந்து வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டியவர்கள் பலர்.

2023இல், கிளர்ச்சி நடந்து 175 ஆண்டு கழிந்து, அதே ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து மலையக மக்கள் நடக்கத் தொடங்கினார்கள். ஓகஸ்ட் 12இல் மாத்தளை வந்துசேர்ந்தார்கள். ஒரு வாரம் சென்றதும், அதே மாவட்டத்து எல்கடுவைப் பக்கத் தோட்டமொன்றில், ஒரு தொழிலாளர் குடும்பம் போட்டிருந்த தற்காலிக வீட்டை நிருவாகத்தார் இடித்த காட்சி நாடெங்கும் பரவியது. அந்தக் குடும்பத்தின் கையில் வாக்குச்சீட்டு இருந்தது.

அரசிடமிருந்து பெருந்தோட்டக் கம்பனிகள் பெற்ற குத்தகை 2045இல் முடிகிறது. அடுத்த உறுதி யார் பெயரில் என்பதை இப்போதே பேசாவிட்டால், கொழும்பில் வேறு யாராவது பேசி முடித்துவிடுவார்கள்.