தபால்ல வர்றது செருப்பு இல்லைங்க, கோழிக்குஞ்சு!

மக்களே, இது கொஞ்சம் காரமான பதிவு. கோழி வளர்க்கிற ஆசையில இருக்கிற அமெரிக்கவாழ் நண்பர்கள் கோவிச்சுக்க வேணாம். கோவிச்சாலும் முழுசா படிச்சிட்டு கோவிச்சுக்குங்க :-)

விஷயம் இதுதான். குளிர் விட்டு வசந்தம் எட்டிப் பார்த்தா போதும், இங்க நம்மாளுங்க இருக்கிற வாட்ஸப் குரூப்ல எல்லாம் ஒரு போட்டோ சுத்த ஆரம்பிச்சிடும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, உள்ள மஞ்சள் மஞ்சளா குஞ்சுகள், கீழ ஒரு வரி, "நாங்களும் ஆர்டர் பண்ணிட்டோம்ல!" உடனே பத்து பேர் லிங்க் கேக்குறாங்க. கூண்டு எங்க வச்சிருக்கீங்கன்னு ஒருத்தர் கேக்குறதில்ல.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஆமாங்க, அமெரிக்காவுல உயிரோட கோழிக்குஞ்சு தபால்ல வரும். இன்னிக்கு நேத்து இல்ல, 1918ல இருந்தே அமெரிக்கத் தபால்துறை ஒருநாள் குஞ்சுகளை ஏத்துக்குது. அயோவா மாதிரி மாநிலங்கள்ல நூறு வருஷத்துக்கு மேல இதையே தொழிலா வச்சிருக்கிற ஹேச்சரிகள் இருக்கு. காலங்காத்தால தபாலாபீஸ்ல இருந்து போன் வரும், "உங்க பெட்டி கத்திக்கிட்டு இருக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க"ன்னு. கேக்க ஜாலியாத்தான் இருக்கும்.

எனக்கு இந்த தபால் முறை மேலயே கோவம் கிடையாது. பக்கத்து ஊர்ல ஹேச்சரி இல்லாத சின்ன விவசாயிக்கு இது வாழ்வாதாரம். என் கோவம், குஞ்சை முதல்ல ஆர்டர் பண்ணிட்டு வீட்டை அப்புறம் ரெடி பண்ணலாம்னு கிளம்புற நம்மாளுங்க மேல. அதுக்கு அவங்க சொல்ற சால்ஜாப்புகளை ஒண்ணொண்ணா எடுத்துக்குவோம்.

சால்ஜாப்பு 1: "72 மணி நேரம் அதுக்கு சோறு தண்ணியே வேணாம், இயற்கையே அப்படித்தான் படைச்சிருக்கு."

பாதி உண்மைங்கிறதாலதான் இது ஆபத்து. முட்டையை விட்டு வெளிய வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, மிச்சமிருக்கிற மஞ்சக்கருவை குஞ்சு தன் வயித்துக்குள்ள இழுத்துக்கும். ரெண்டு மூணு நாள் அதுல ஓட்டும். ஆனா எதுக்காக அந்த ஏற்பாடு? அடையில இருக்கிற எல்லா முட்டையும் ஒரே நிமிஷத்துல பொரியாது. முதல்ல வந்தது, கடைசிக் குஞ்சு வர்ற வரைக்கும் அம்மா றெக்கைக்கு அடியில காத்திருக்கணும். அந்தக் காத்திருப்புக்குக் கட்டிக் குடுத்த கட்டுச்சோறு அது.

கவனிங்க, அம்மா றெக்கைக்கு அடியில! மஞ்சக்கரு தர்றது சாப்பாடும் தண்ணியும்தான். சூடு அம்மா தர்றது. பிறந்த குஞ்சால தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாத்திக்க முடியாது, இறகு முளைக்க அஞ்சாறு வாரம் ஆகும். பெட்டிக்குள்ள அம்மா இல்லாததாலதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு சூடாகட்டும்னு 15, 25ன்னு குறைஞ்சபட்ச ஆர்டர் வைக்கிறாங்க.

தபால்துறை விதியும் இதைத்தான் சொல்லுது. அனுப்பும்போது 24 மணி நேரத்துக்கு மேல வயசாகியிருக்கக் கூடாது, பொரிச்ச 72 மணி நேரத்துக்குள்ள கையில சேரணும், பெட்டி மேலேயே பொரிச்ச தேதியும் மணியும் எழுதியிருக்கணும். நல்லா பாருங்க, கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது நீங்க பெட்டியைத் திறக்கும்போது இல்ல, முட்டை உடையும்போது. உங்க கைக்கு வரும்போதே முக்கால்வாசி தீர்ந்திருக்கும். 72ங்கிறது தாண்டவே கூடாத கடைசிக் கோடு. நம்மாளு அதை சலுகைக் காலம் மாதிரி நினைச்சிக்கிட்டு, "சாயங்காலம் மீட்டிங் முடிஞ்சதும் போய் வாங்கிக்கலாம்"கிறார். நம்ம வேலையில ஒரு ரெக்வெஸ்ட் தோத்துப்போனா திரும்ப அனுப்பிக்கலாம். இதுக்கு ரீட்ரை கிடையாது சாமி.

சால்ஜாப்பு 2: "நூறு வருஷமா நடக்குது, ஒண்ணும் ஆகாது."

ஆகியிருக்கு. 2020 ஆகஸ்ட்ல தபால் தாமதமானப்போ, மெய்ன் மாநில விவசாயிகளுக்குப் போன பெட்டிகள்ல குறைஞ்சது 4,800 குஞ்சுகள் செத்துப்போய் வந்துச்சு. அந்த மாநில எம்.பி. செல்லி பிங்க்ரீ தபால்துறைத் தலைவருக்கே கடிதம் எழுதினாங்க. 2025 மே மாசம் டெலவேர்ல, சுமார் 12,000 குஞ்சுகளோட ஒரு தபால் லாரி மூணு நாள் அப்படியே நின்னுச்சு. சோறில்ல, தண்ணியில்ல, சூடில்ல. ஆயிரக்கணக்குல செத்துச்சு, மிச்சத்தை ஒரு விலங்குக் காப்பகம் எடுத்து வளர்க்க வேண்டியதாப் போச்சு.

இதெல்லாம் தினமும் நடக்கிறதில்ல, ஒத்துக்கிறேன். பெரும்பாலான பெட்டி ஒழுங்காத்தான் வருது. ஆனா பெட்டி வழியில என்ன ஆகும்ங்கிறது உங்க கையில இல்ல. வந்த பிறகு என்ன ஆகும்ங்கிறது முழுசா உங்க கையில இருக்கு. அதைக்கூட செய்யலைன்னா எப்படி?

சால்ஜாப்பு 3: "ஒரு அட்டைப்பெட்டி, ஒரு பல்பு. போதாதா?"

போதாது. முதல் வாரம் குஞ்சு நிக்கிற இடத்துல 95 டிகிரி ஃபாரன்ஹீட் (35 செல்சியஸ்) இருக்கணும். அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரியா குறைக்கணும். குஞ்சு வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடியே புரூடரை ஓட விட்டு, தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்திருக்கணும். சூடு ஒரு ஓரத்துல மட்டும் இருக்கணும், அதிகமானா தள்ளிப் போக எதிர் ஓரம் குளுகுளுன்னு இருக்கணும். எல்லாம் விளக்கடியில குமிஞ்சு கத்துனா குளிருது, ஓரமா ஒதுங்கி வாயைப் பிளந்துக்கிட்டு நின்னா சூடு தாங்கல, பரவலா படுத்துத் தூங்குனா சரியா இருக்குன்னு அர்த்தம். சூட்டு விளக்கை வயர்ல தொங்க விடாம சங்கிலி போட்டுக் கட்டணும். மரச்சீவல்ல விழுந்தா வீடே பத்திக்கும்.

தரையில வழவழன்னு நியூஸ்பேப்பர் மட்டும் விரிச்சா காலு வழுக்கி விரிஞ்சு போயிடும், அப்புறம் அந்தக் குஞ்சு ஒழுங்கா நடக்காது. பைன் மரச்சீவல் போடுங்க, செடார் வேணாம், அந்த வாசனை நுரையீரலுக்கு ஆகாது. வந்ததும் ஒவ்வொண்ணா எடுத்து அலகைத் தண்ணியில தொட்டுக் காட்டணும். தண்ணித் தட்டுல கோலிக்குண்டு போடணும், இல்லாட்டி அதுலயே விழுந்து மூழ்கிடும். ரெண்டு மூணு நாளைக்குப் பின்பக்கம் எச்சம் ஒட்டி அடைச்சிருக்கான்னு பார்த்து வெதுவெதுப்பான தண்ணியில துடைச்சு விடணும். அடைச்சா செத்துப்போயிடும். தீவனம் குஞ்சுகளுக்கான ஸ்டார்ட்டர்தான், பழைய சோறு இல்ல.

என் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் 15 ஆர்டர் பண்ணினார். பெட்டியில வரும்போதே 3 போயிடுச்சு. குஞ்சை பாத்ரூம் டப்புல விட்டுட்டு விளக்கு வாங்கக் கடைக்கு ஓடினார். அந்த வாரக் கடைசியில மிஞ்சினது 8. வளர்ந்த பிறகு பார்த்தா அதுல 3 சேவல். விடியக்காலம் நாலரை மணிக்குக் கூவுச்சு, குடியிருப்போர் சங்கத்துல இருந்து நோட்டீஸ் வந்துச்சு. இங்க நிறைய ஊர்கள்ல பெட்டை வளர்க்க விடுவாங்க, சேவலுக்கு அனுமதி கிடையாது. பல குடியிருப்புகள்ல எதுக்குமே அனுமதி இல்ல. இதை விசாரிக்க ஒரு போன் கால் போதும். அவர் பண்ணல.

பல்லடம் பக்கம் பிராய்லர் பண்ணை வச்சிருக்கிறவங்களைப் பாருங்க. குஞ்சு வண்டி வர்றதுக்கு முன்னாடியே ஷெட்டைக் கழுவி, தென்னை நார்க்கழிவு பரப்பி, தடுப்பு கட்டி, பல்பைப் போட்டு சூடேத்தி வச்சிருப்பாங்க. கறிக்காக வளர்க்கிறவங்க அவ்வளவு பார்க்கும்போது, பாசத்துல வளர்க்கிறேன்னு சொல்றவங்க பாத்ரூம் டப்புல விடறோம்!

சால்ஜாப்பு 4: "முட்டை விலை தெரியுமில்ல? இதுல மிச்சம் பிடிக்கலாம்."

கணக்கு போடலாம் வாங்க. பறவைக் காய்ச்சலால 2025 மார்ச்ல அமெரிக்காவுல டஜன் முட்டை சராசரி 6.23 டாலர், அதுதான் உச்சம். விவசாய அமைச்சரே வீட்டுல கோழி வளர்க்கிறதைப் பத்தி டிவியில பேசினாங்க. அப்புறம் விலை நல்லாவே இறங்கிடுச்சு. அந்த உச்ச விலையையே வச்சுக்குவோம். நல்லா இடுற 4 கோழி, ஆளுக்கு வருஷத்துக்கு 250 முட்டை, மொத்தம் 1,000. அதாவது 83 டஜன், சுமார் 520 டாலர். அதுல இருந்து 4 கோழிக்கு வருஷத்துக்கு சுமார் 160 கிலோ தீவனத்தைக் கழிங்க. ரக்கூனும் பருந்தும் பூராத கூண்டைக் கழிங்க. முதல் முட்டைக்கே அஞ்சாறு மாசம் காத்திருக்கணும், ரெண்டு வருஷத்துக்கு மேல முட்டை குறைஞ்சுக்கிட்டே போகும், கோழி மட்டும் ஏழெட்டு வருஷம் இருக்கும். மிச்சம் எங்கய்யா இருக்கு? ஆசைக்கு வளர்க்கிறேன்னு சொல்லுங்க, மரியாதை. லாபத்துக்குன்னு சொல்லாதீங்க.

சால்ஜாப்பு 5: "குழந்தைங்க ஆசைப்படுது."

இதுதான் எனக்கு ரொம்ப எரியறது. நம்ம ஊர்ல சைக்கிள் கூடையில பச்சை, ரோஸ், ஊதான்னு சாயம் போட்ட கோழிக்குஞ்சு வித்தாங்களே, ஞாபகம் இருக்கா? பெரும்பாலும் அதெல்லாம் முட்டைக்கோழி ஹேச்சரியில ஒதுக்கித் தள்ளின சேவல் குஞ்சுகள். முட்டையும் இடாது, கறிக்கும் சீக்கிரம் தேறாது, அதனால சாயத்தைப் பூசிக் குழந்தைங்க தலையில கட்டினாங்க. எத்தனை குஞ்சு ஒரு வாரம் தாண்டுச்சு? நம்ம தலைமுறையே அதைப் பார்த்து அழுதிருக்கு. இப்ப அதே நாம, சாயம் இல்லாம, தபால் செலவு குடுத்து வாங்கறோம்.

இங்கயும் அந்த சேவல் கதை உண்டு. "பெட்டை மட்டும்"னு நீங்க டிக் பண்ணா, கூடப் பொரிஞ்ச சேவலுக்கு என்ன ஆகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? 1930கள்ல ஜப்பான்காரங்க கொண்டு வந்த முறையில, ஒருநாள் குஞ்சோட பின்பக்கத்தைப் பார்த்தே ஆணா பெண்ணான்னு பிரிச்சிடறாங்க. முட்டைக்கோழி இனத்துல ஆண் குஞ்சு பெரும்பாலும் அன்னிக்கே காலி. ஜெர்மனி 2022ல இதுக்குத் தடையே போட்டுச்சு. சில இடத்துல பெட்டியில சூடு பத்தணும்னு கேக்காமலே கூடுதல் சேவலைப் போட்டு அனுப்புறாங்க. உயிரைப் பஞ்சு மாதிரி அடைச்சு அனுப்பறது அது. நாம "ஃப்ரீயா ரெண்டு வந்துச்சு"ன்னு சந்தோஷப்படறோம்.

குழந்தைங்க பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன். 2020ல மட்டும் வீட்டுக்கோழிகளால சால்மோனெல்லா தொத்தினவங்க அமெரிக்காவுல 1,722 பேர்னு இங்கத்த நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்லுது. அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க குஞ்சைத் தொடவே வேணாம்னு அவங்க அறிவுரை. முத்தம் குடுத்து போட்டோ எடுக்கிற மகராசிகளே, கேக்குதா?

"சிக்கன் 65 திங்கிறவன் பேசற பேச்சா இது?"ன்னு ஒருத்தர் ரெடியா இருப்பீங்க. திங்கிறேன் சார், ஒளிக்கல. கறிக்காகக் கொல்றது வேற, சோம்பேறித்தனத்துல சாக விடறது வேற. முதலாவதைப் பத்தி நாம சண்டை போடலாம். ரெண்டாவதுக்கு ரெண்டு பக்கமே கிடையாது.

அப்ப வளர்க்கவே கூடாதா? தாராளமா வளருங்க. ஊர் சட்டம், குடியிருப்பு விதி ரெண்டையும் முதல்ல கேளுங்க. சேவல் வந்தா யாருக்குக் குடுப்பீங்கன்னு ஒரு பேரை எழுதி வைங்க. பக்கத்துல வளர்க்கிறவங்க இருந்தா நேர்ல போய் வாங்குங்க, இல்ல முட்டையிடற பருவத்துப் பெட்டையா வாங்குங்க. தீவனக் கடையில கிடைக்கிற குஞ்சும் பெரும்பாலும் தபால்ல வந்ததுதான், அதனால கடையில வாங்கினேன்னு பெருமைப்பட ஒண்ணுமில்ல. தபால்தான் வழின்னா, வாரத் துவக்கத்துல அனுப்பச் சொல்லுங்க, கொளுத்தற வெயில்லயும் கொட்டற பனியிலயும் வேணாம். வர்ற அன்னிக்கு லீவு போடுங்க. பெட்டி மேல எழுதின மணியைப் படிங்க.

புரூடர் 95 டிகிரியில ஒரு நாள் முழுக்க ஆடாம நின்னுச்சா? அப்ப ஆர்டர் பட்டனை அமுக்குங்க. நிக்கலையா? கையை எடுங்க.

பின்குறிப்பு: "எங்க குஞ்சு ஒண்ணுகூட சாகல"ன்னு பின்னூட்டம் போடப்போறவங்களுக்கு முன்கூட்டியே வாழ்த்துகள். எப்படி ரெடி பண்ணீங்கன்னும் சேர்த்து எழுதுங்க, அடுத்து ஆர்டர் பண்றவருக்கு உதவும். ஆட்டோ அனுப்பறவங்க மெதுவா அனுப்புங்க :-)