டிராமை நினைக்கிறவர்கள் டிராம்காரரை நினைப்பதுண்டா?

பழைய சென்னையைப் பற்றிப் பேச வந்தவர்கள் டிராம் வண்டியைச் சொல்லி உருகுகிறார்கள். 1895-ல் ஓடத் தொடங்கியது, இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் தோழர்களே, அதை ஓட்டியவர் யார், பிறகு அவர் என்ன ஆனார்? இதைக் கேட்பாரில்லை.

திருத்தணியில் எங்கள் தெருக்காரர் ஒருவர் சென்னையில் டிராம் ஓட்டினார். சிறுவர்களான எங்களுக்கு அவர் 'டிராம் மாமா'. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வருவார். மலையிறங்கியதும் திண்ணையைச் சுற்றிக் கூடிவிடுவோம். நின்றபடி இடது கையால் கைப்பிடியைத் திருப்புவது போலவும், குதிகாலால் மணியை மிதிப்பது போலவும் செய்து காட்டுவார். நாள் முழுவதும் நிற்கிற வேலை, முழங்கால் வீங்கியிருக்கும். அதை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை. ஊரார் சென்ட்ரலில் இறங்கித் திகைத்து நின்றால், தமிழோ தெலுங்கோ, அவரவர் பாஷையில், "பார்த்து ஏறுங்க" என்பாராம்.

1953 ஏப்ரலில் டிராம் நின்றது. கம்பெனி நொடித்துவிட்டது என்றார்கள். மாமா தகரப் பெட்டியோடு ஊர் திரும்பினார். 1996-ல் பின்னி ஆலை மூடப்பட்டதைப் பார்த்த பெரம்பூர்த் தொழிலாளிக்கு அந்தப் பெட்டியின் கனம் தெரியும்.

அதே 1953 ஜூலையில் கல்கத்தாவில் டிராம் கட்டணத்தை ஒரு பைசா ஏற்றினார்கள். ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். தடியடி, கைது எல்லாம் நடந்தும் ஏற்றிய பைசாவை இறக்கவைத்தார்கள். வண்டி தங்களுடையது என்று அங்கே ஜனங்கள் நினைத்தார்கள். நம் நகரத்தில் வண்டி போவதையும் ஓட்டியவர் போவதையும் வேடிக்கை பார்த்தோம் என்றே நமக்குத் தோன்றுகிறது. 2024-ல் அந்தக் கல்கத்தாவிலேயே ஒரு தடம் தவிர டிராமை நிறுத்தப்போவதாக சர்க்கார் அறிவித்தது. அழகான வண்டி போகிறதே என்று பலர் வருந்தினார்கள். ஓட்டுகிறவருக்கு என்ன வழி என்பதல்லவா முதல் கேள்வி?

அதே 1953 அக்டோபரில் ஆந்திர ராஜ்யம் பிறந்து திருத்தணியும் அதில் சேர்ந்தது. போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1-ல் தமிழகத்துக்குத் திரும்பியது. ஊருக்கு வழி பிறந்தது, மாமாவுக்கு இல்லை. மலைப்படி அடிவாரத்தில் தேங்காய், கற்பூரம் விற்றார். கிருத்திகைக் கூட்டம் கடையை நெருக்கும்போது, "வழி விடுங்கோ" என்று சொல்வதற்கு முன்பே அவருடைய குதிகால் தானாகத் தரையை மிதிக்கும்.