பேஸ் கிதார் எங்களுக்கும் வரும்!



இசை என்றால் நம் தேனி மாவட்டத்துக்குத் தனிப் பெருமை உண்டு. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஊர் ஊராகச் சென்று வாசித்தவர். 1976-இல் 'அன்னக்கிளி' படத்தால் நாடறிந்தார். அவர் பாடல்களின் அடியில் ஒலிக்கும் பேஸ் கிதாரை உற்றுக் கேளுங்கள். வீட்டைத் தாங்கும் அஸ்திவாரம்போல அது பாட்டைத் தாங்கி நிற்கும்.

எங்கள் பாடகர் குழுவில் கிதார் வாசிப்பவர்கள் நாங்கள் நால்வர். ஆனால் கிறிஸ்துமஸ் விழா வந்தால் பேஸ் வாசிக்க மட்டும் வெளியூரிலிருந்து ஓர் அண்ணன் வருவார். "அது கனமான கருவி, கம்பியும் தடிமன், பெண்பிள்ளைகளுக்கு ஒத்துவராது" என்பார்கள் பெரியவர்கள் சிலர். அதன் எடை ஏறத்தாழ 4 கிலோதான். மயிலாடும்பாறையில் எங்கள் அம்மாமார் இடுப்பில் சுமக்கும் நிறைகுடம் அதைவிடக் கனமல்லவா?

அமெரிக்காவில் கேரல் கே என்ற பெண்மணி 1960-களிலேயே ஏராளமான இசைத்தட்டுகளுக்குப் பேஸ் வாசித்தார். மும்பையின் மோகினி டே தந்தையிடம் கற்று, ஏ. ஆர். ரகுமானின் இசைக்குழுவில் வாசித்தவர்.

பேஸில் உள்ளவை 4 கம்பிகள். கிதாரின் 6 கம்பிகளில் தடித்த நான்குக்குரிய அதே சுரங்கள்தாம், ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். ஆகவே எங்கள் பழைய கிதாரிலேயே விழாப் பாடல்களைப் பழகி வைத்திருக்கிறோம்.

விலையுயர்ந்த கருவி கேட்கவில்லை. இரவலாக ஒரு பேஸ் கிதாரும், தாழ்ந்த சுரம் தெளிவாகக் கேட்க வாடகைக்கு ஒரு பெரிய ஒலிபெருக்கியும் போதும். வரும் கிறிஸ்துமஸில் ஒரே ஒரு பாட்டுக்காவது அந்தக் கருவியை எங்களிடம் கொடுத்துப் பாருங்கள். தவறினால் திருத்துங்கள், தொடும் முன்பே தடுக்காதீர்கள்!