ஏழு நிமிஷத் துடிப்பு

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டு கிளம்பும் நாட்களில், வானம் தெளிவாயிருந்தால், வண்ணாரப்பேட்டை மொட்டை மாடிகளில் ஜனங்கள் கூடுவதுண்டு. வடக்கே ஒரு நெருப்புப் பொறி எழும்பி, வெண்புகைக் கோடு ஒன்றை விட்டுச் சில நிமிஷங்களில் மறைந்துவிடும். பிறகு அவரவர் காரியத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள். மேலே போன பொருள் அங்கே என்ன செய்கிறது என்று விசாரிப்பவர் சிலரே. ஆகவே இவ்வாரம் அவ்விஷயத்தை எடுத்துக் கொள்கிறோம்.

2015-ம் வருஷம் செப்டம்பர் 28-ந் தேதி அங்கிருந்து புறப்பட்ட ‘ஆஸ்ட்ரோசாட்’, வான ஆராய்ச்சிக்கென்றே நம்மவர் அமைத்து அனுப்பிய முதல் விண்வெளிக் கூடமாகும். எடை சுமார் 1,500 கிலோ. அது வலம்வரும் உயரம் 650 கிலோமீட்டர். அதன் கருவிகளில் பல எக்ஸ்-ரே கதிர்களை நோக்குபவை. ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவைக் காட்டுகிற அதே கதிர்கள்தாம். வானத்திலிருந்து வரும் எக்ஸ்-ரேயைக் காற்று மண்டலம் வழியிலேயே தடுத்துவிடுகிறது. தரையில் எத்தனை பெரிய தூரதிருஷ்டிக் கண்ணாடியை நிறுத்தினாலும் பயனில்லை. ஆகையால்தான் கருவி மேலே போக வேண்டியிருக்கிறது.

நமது பால் வீதியைப் போன்ற நட்சத்திரக் கூட்டங்கள் கோடானுகோடி. பெரிய கூட்டங்களின் நடுவிலே பெரும்பாலும் ஒரு பிரம்மாண்டமான கருந்துளை இருக்கிறது. சிலவற்றில் அது சுற்றிலுமுள்ள வாயுவை இழுத்து விழுங்குகிறது. விழுகிற வாயு தட்டுப் போலச் சுழன்று, உராய்ந்து, காய்ந்து சுடர் விடுகிறது. அருகே அதனினும் உஷ்ணம் மிகுந்த மெல்லிய வாயு ஒன்று சூழ்ந்திருக்கிறது. எக்ஸ்-ரே பெரும்பாலும் அங்கிருந்தே பிறக்கிறது. இத்தகைய கூட்டங்களில் ஒரு வகையை 1943-ல் கார்ல் சீஃபெர்ட் என்ற அமெரிக்கர் எடுத்துக் காட்டினார்.

விந்தை என்னவெனில், அந்த எக்ஸ்-ரே ஒளி நிலையாக நிற்பதில்லை. நாட்கணக்கில், மணிக்கணக்கில், சில சமயம் நிமிஷக்கணக்கில் ஏறி இறங்குகிறது. இதிலிருந்து ஒரு பெரிய உண்மையை அறியலாம். நீண்ட ஊர்வலம் ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். முன்வரிசையில் எழும் கோஷம் கடைசி வரிசையை எட்ட நேரமாகும். முழு ஊர்வலமும் ஒரே கணத்தில் குரலை மாற்ற இயலாது. அவ்வாறே, பத்து நிமிஷத்தில் ஒரு சுடர் பாதியாக மங்கினால், ஒளி பத்து நிமிஷத்தில் கடக்கும் 18 கோடி கிலோமீட்டரை விட அது பெரிதாயிருக்க முடியாது. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே 15 கோடி கிலோமீட்டர். ஆயிரக்கணக்கான கோடி நட்சத்திரங்களுக்கு ஈடான ஒளி இவ்வளவு சிறிய இடத்திலிருந்தா வருகிறது! கருந்துளையைத் தவிர இதற்குப் பொருத்தமான விளக்கம் கிட்டவில்லை.

27 கோடி ஒளி ஆண்டு தூரத்தில் ‘1927+654’ என்ற எண்களால் குறிக்கப்படும் ஒரு கூட்டம் உண்டு. 2018-ல் அதன் எக்ஸ்-ரே ஏறக்குறைய அணைந்தே போய், மீண்டும் உயிர் பெற்றது. 2022-ல் அது 18 நிமிஷத்துக்கு ஒருமுறை துடிப்பதை ஐரோப்பியரின் விண்கலம் கண்டது. 2024-க்குள் துடிப்பு ஏழு நிமிஷமாகச் சுருங்கிவிட்டது. சிறு நட்சத்திரப் பிண்டம் ஒன்று கருந்துளையின் விளிம்பருகே சுற்றிக் கொண்டிருக்கலாம் என்பது ஓர் ஊகம். அறிஞர்கள் இன்னும் முடிவு கட்டவில்லை.

ஒளி மாறும் நட்சத்திரங்களைத் தேடுவது சென்னைக்குப் புதிதன்று. நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையத்தில் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் அத்தகைய நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதோடு நின்றாரா? 1874-ல் சுக்கிரன் சூரியனைக் கடந்து செல்லவிருந்தபோது, அந்நிகழ்ச்சியை நம் நாட்டுப் பாஷைகளில் விளக்கி நூல் வெளியிட்டார். கண்டறிந்தவனே ஊராருக்கும் சொல்ல வேண்டும் என்ற கடமையுணர்ச்சி அவருக்கு இருந்தது.

அந்தக் கடமையை இன்று யார் செய்கிறார்கள்? எண்ணூர்ப் புகையும் துறைமுக விளக்குகளும் வடசென்னைச் சிறுவனிடமிருந்து நட்சத்திரங்களை மறைத்துவிட்டன. ஆனால் எக்ஸ்-ரே ஆராய்ச்சிக்கு இருண்ட வானம் வேண்டியதில்லை. ஆஸ்ட்ரோசாட் சேகரித்த கணக்குகள், குறித்த காலம் கழிந்ததும் யாவருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்படுகின்றன. ஒரு கம்ப்யூட்டரும் கொஞ்சம் கணிதமும் இருந்தால், வண்ணாரப்பேட்டை மாணவனும் கேம்பிரிட்ஜ் மாணவனும் இவ்விஷயத்தில் சமமே. குறைவாயிருப்பது அவனுக்குப் புரியும் தமிழில் எடுத்துச் சொல்லும் நூல்களும் ஆசிரியர்களுந்தான்.

ராக்கெட்டு நமது, அதைச் செலுத்திய செலவும் நமது வரிப்பணம். அது கொண்டுவந்த அறிவு மட்டும் ஒரு சிலரின் உடைமையாக நிற்கலாமா? கல்லூரிகளும் நூல் நிலையங்களும் மாதம் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்கினால் போதும். மொட்டை மாடியில் கை தட்டிய பிள்ளைகளில் ஒருவராவது மறு நாளும் அண்ணாந்து பார்ப்பார்.