வீட்டுப் பூனை பிறாண்டினால் ஊசி வேண்டுமா?

“நாங்கள் வளர்க்கும் பூனைதானே டாக்டர், அதற்குமா ஊசி?” புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி எழும் கேள்வி இது. நாய் கடித்தால் நம் மக்கள் தாமதிப்பதில்லை. பூனை பிறாண்டினால் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுகின்றனர். பல நாள் கழித்து இரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்க வரும்போது, புறப்படும் நேரத்தில், இதையும் ஒரு சொல்லாகக் கேட்டுவைக்கின்றனர்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். தோல் கீறப்பட்டிருந்தால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அதுவும் அன்றைக்கே தொடங்க வேண்டும். பூனை யாருடையது, எத்தனை ஆண்டுகளாக வளர்கிறது, எவ்வளவு சாது என்பவையெல்லாம் அதன் பிறகு பேச வேண்டியவை.

இதற்கு எதிரான வாதம் வலுவற்றது அன்று. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் ரேபிஸ் நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு நோய் வந்தது நாயிடமிருந்து. பூனையின் பங்கு மிகச் சிறியது. அதிலும் கடியைவிடக் கீறலின் அபாயம் குறைவு, ஏனெனில் நோய்க்கிருமி உமிழ்நீரில்தான் இருக்கிறது, நகத்தில் அன்று. ஆனால் பூனை நாள் முழுதும் தன் பாதங்களை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி. நகத்தில் ஒட்டிய உமிழ்நீர் காய்வதற்குள் நம் தோலைக் கிழித்தால் கிருமிக்கு வழி திறந்துவிடுகிறது.

அபாயம் சிறிதுதான். எனினும் ரேபிஸ் தோன்றிய பின் அதற்கு மருத்துவம் இல்லை. நீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்துவிட்ட ஒருவரைக் காப்பாற்ற எந்தப் பெரிய மருத்துவமனையாலும் ஏறத்தாழ இயலாது. ஒரு பக்கம் நான்கு முறை கையில் குத்தும் சிறு ஊசி; மறுபக்கம் மீளவே முடியாத மரணம். இவ்விரண்டையும் ஒப்பிடும்போது ‘வாய்ப்பு குறைவுதானே’ என்னும் வாதம் எனக்குப் போதவில்லை.

நீலகிரியில் வாழ்வோர்க்கு இதைக் கூறக் கூடுதல் காரணம் உண்டு. 1902-ஆம் ஆண்டு லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கிலப் பெண் ரேபிஸ் நோயால் இறந்தார். அக்காலத்தில் இந்தியாவில் இதற்கான சிகிச்சை இமயமலை அடிவாரத்தை ஒட்டிய கசௌலியில் இருந்தது. தென்கோடியிலிருந்து அங்குச் செல்லப் பல நாள் ரயில் பயணம் வேண்டும். அவரது மரணம் தென்னிந்தியாவுக்கும் ஒரு சிகிச்சை நிலையம் தேவை என்னும் கோரிக்கையை எழுப்பியது. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி பிப்ஸ் வைஸ்ராய் கர்சனிடம் அளித்திருந்த நன்கொடையின் ஒரு பகுதி இதற்குக் கிடைத்தது. 1907 ஏப்ரலில் குன்னூரில் ‘தென்னிந்திய பாஸ்டர் நிறுவனம்’ செயல்படத் தொடங்கியது. சிம்ஸ் பூங்காவுக்குப் போகும் நம்மில் பலர் அருகிலுள்ள அக்கட்டடத்தைக் கண்டும் அதன் கதையை அறிந்ததில்லை. ஒரு காலத்தில் தென்னாடெங்குமிருந்து மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிவந்த மலை இது. அந்த மலையில் வாழ்பவர்கள் ஊசிக்குத் தயங்குவது எனக்கு விந்தையாகவே இருக்கிறது.

தயக்கத்துக்கு வேர் பெரும்பாலும் பழைய நினைவில் இருக்கிறது. ‘தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி’ என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது கற்பனை அன்று. டேவிட் செம்பிள் கசௌலியில் 1911-இல் உருவாக்கிய தடுப்பூசி, ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து தயாரிக்கப்பட்டது. அதை வயிற்றில் நாள்தோறும் போட வேண்டியிருந்தது. சிலருக்கு நரம்புத் தளர்ச்சி, பக்கவாதம் போன்ற கடும் பின்விளைவுகளும் ஏற்பட்டன. அத்தடுப்பூசியின் பயன்பாட்டை இந்தியா 2004 டிசம்பரில் நிறுத்திவிட்டது. இன்று போடப்படுவது ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட உயிரணுக்களில் தயாராவது. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில், இரு மேற்கைகளிலும் 0.1 மில்லி லிட்டர் வீதம், முதல் நாள், அதிலிருந்து 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என நான்கு முறை போடுகின்றனர். தசையில் போடும் முறையானால் 14-ஆம் நாளும் சேர்ந்து ஐந்து முறை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தடையின்றிப் போட்டுக்கொள்ளலாம்.

இனி, பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ‘பத்து நாள்’ விதிக்கு வருகிறேன். “பூனையைப் பத்து நாள் பார்ப்போம், அதற்கு ஏதாவது ஆனால் ஊசி போடுவோம்” என்று பலர் கூறுகின்றனர். விதி இதற்கு நேர்மாறானது. நோயுற்ற நாயோ பூனையோ, நோய்க்குறி தோன்றுவதற்குச் சில நாள் முன்பிருந்துதான் உமிழ்நீரில் கிருமியை வெளியிடும்; பின் விரைவில் இறந்துவிடும். ஆகவே பிறாண்டிய பூனை பத்தாம் நாளிலும் நலமாக இருந்தால், பிறாண்டிய அன்று அதன் உமிழ்நீரில் கிருமி இல்லை என்று உறுதி கொள்ளலாம். அப்போது எஞ்சிய ஊசியை நிறுத்திக்கொள்ள மருத்துவர் அனுமதிப்பார். பத்து நாள் கண்காணிப்பு ஊசியை நிறுத்துவதற்கு உதவுவது. தொடங்குவதைத் தள்ளிப்போட உதவுவது அன்று. அதற்குள் போட்ட மூன்று தவணையும் வீணாவதில்லை. அவை முன்கூட்டிய பாதுகாப்பாக உடலில் நிற்கும். பின்னொரு நாள் கடியோ கீறலோ நேர்ந்தால் இரண்டு ஊக்கத் தவணை போதும்.

மேலும், பூனையைப் பத்து நாள் கண்ணில் வைத்திருக்க முடியும் என்று எண்ணுவதே இம்மலையில் பெரிய நம்பிக்கை. நாயைப் போல் அது கட்டுக்கு நிற்காது. லயன் வீட்டின் கதவு திறந்ததும் தேயிலைச் செடிகளுக்கடியில் நுழைந்துவிடும். உடல் நலம் குன்றிய பூனை ஒதுங்கி மறைந்துகொள்ளும் இயல்புடையது. ஐந்தாம் நாள் பூனையைக் காணவில்லை என்றால், நோயால் இறந்ததா, சிறுத்தை கவ்விச் சென்றதா, அடுத்த தோட்டத்துக்குக் குடிபெயர்ந்ததா என்று யார் சொல்வது? ஊசி தொடங்கியிருந்தால் அந்தக் கவலை வேண்டாம், தவணைகளை முடித்துவிடலாம்.

“நீலகிரியில் தெருநாய்களுக்கெல்லாம் தடுப்பூசி போட்டிருக்கிறார்களே” என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. விலங்கு நல அமைப்புகள் இங்கு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து வருவது பாராட்டுக்குரியது. நம் எல்லாரையும் காக்கும் பணி அது. ஆயினும் கக்கனல்லாவிலும் நாடுகாணியிலும் உள்ள சோதனைச் சாவடிகள் வாகனங்களை நிறுத்தலாம், நரியையும் கீரியையும் நிறுத்தா. அவையும் இந்நோயைப் பரப்பக்கூடியவை. நாய்க்குத் தடுப்பூசி போடுவோர்கூடப் பூனையைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போவது அரிது.

உங்கள் பூனைக்குத் தடுப்பூசி போட்டிருந்தால் அந்த அட்டையைத் தவறாமல் எடுத்து வாருங்கள். மருத்துவர் அதைக் கணக்கில் கொள்வார். தவணை தவறியிருக்கலாம், ஊசி பலனளிக்காமலும் போயிருக்கலாம். அதனால் அட்டையைப் பார்த்து வீட்டிலேயே தீர்ப்பு எழுத வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் தொலைபேசியில் கூறும் அறிவுரையையும் எச்சரிக்கையாகவே ஏற்க வேண்டும். பிரிட்டனில் வீட்டுப் பூனை பிறாண்டினால் ஊசி தேவையில்லை என்று அவர் கூறினால், அவ்வூருக்கு அது சரி. அங்குள்ள நாய் பூனைகளிடம் இந்நோய் இல்லை. அந்த நிலைமை இங்கு வரும்வரை அந்த அறிவுரை நமக்குப் பொருந்தாது.

எல்லாவற்றுக்கும் ஊசி என்று நான் சொல்லவில்லை. பூனையைத் தொட்டதற்கும், மடியில் வைத்திருந்ததற்கும், காயமில்லாத தோலை அது நக்கியதற்கும் ஊசி வேண்டாம். கை கழுவினால் போதும். இரத்தம் கசியாத சிறு கீறல் என்றால் தடுப்பூசி. தோலைத் துளைத்து இரத்தம் வந்தால், அல்லது பூனையின் எச்சில் கண்ணிலோ வாயிலோ ஏற்கெனவே உள்ள புண்ணிலோ பட்டால், தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்த வேண்டும். தடுப்பூசியால் உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதுவரை கிருமியைக் காயத்திலேயே தடுத்து நிறுத்துவது இம்மருந்து. புற்றுநோய் சிகிச்சை பெறுவோர், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வோர், எச்.ஐ.வி. உள்ளோர் ஆகியோருக்குச் சிறு கீறலானாலும் இம்மருந்து தேவைப்படும். இவ்விதழைப் படிப்போரில் அத்தகையோர் பலர் இருப்பீர்கள். உங்கள் நோயை ஊசி போடுபவரிடம் கட்டாயம் தெரிவியுங்கள்.

அண்டை மாநிலமான கேரளத்தில் 2022-இலும் 2025-இலும் தடுப்பூசி தொடங்கிய பிறகும் சில சிறார் இறந்த செய்தி கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து மக்களை மிகவும் கலங்கச் செய்தது. “ஊசி போட்டும் இறந்தார்களே” என்பதிலிருந்து “ஊசியால் பயனில்லை” என்ற முடிவுக்குச் சிலர் வந்துவிட்டனர். தலையிலும் முகத்திலும் ஆழமாகக் கடிபட்டால் கிருமி மூளையை அடையும் தொலைவு மிகக் குறைவு. தடுப்பூசி வேலை செய்யத் தொடங்குமுன் அது முந்திவிட நேரலாம். நாழிகை தவறாமல் கழுவுவதும் இம்யூனோகுளோபுலின் செலுத்துவதும் எவ்வளவு முக்கியம் என்பதற்கே அம்மரணங்கள் சான்று.

கழுவுவது என்றேனே, அது பெயருக்கு நீர் ஊற்றுவது அன்று. ஓடும் நீரில் சோப்புப் போட்டு முழுதாகப் பதினைந்து நிமிடம். ஊட்டியின் மார்கழிக் குளிரில் அது கடினந்தான். வெதுவெதுப்பான நீரானாலும் சரி. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாது. கட்டும் போடக் கூடாது. இன்னொன்று: “ஊசி போட்டாயிற்று” என்று கூறுவோரை விசாரித்தால், போட்டது டி.டி. ஊசி என்று தெரியவருவது உண்டு. அது இரணஜன்னிக்கானது. ரேபிஸ் தடுப்பூசி வேறு. உங்களுக்குப் போட்டது எது என்று கேட்டு, அடுத்த தவணை நாள்களை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தவணைக்கு வர இயலாமற்போனால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அஞ்சி வராமல் நின்றுவிட வேண்டாம்.

பிள்ளைகளைப் பற்றித் தனியே கூற வேண்டும். பூனையோடு அதிகம் விளையாடுபவர்கள் அவர்கள்தான்; கீறலை மறைப்பவர்களும் அவர்களே. அம்மா திட்டுவாள் என்ற அச்சத்தைவிட, ‘பூனையைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்’ என்ற அச்சம் பெரிது. கிருமி உடலில் நுழைந்தபின் நோய் தோன்றப் பொதுவாக இரண்டு மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஓராண்டுக்கும் மேல். அதற்குள் பிள்ளை அந்தக் கீறலையே மறந்திருக்கும். பூனையை விரட்டமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் பிள்ளைகள் உண்மையைச் சொல்வார்கள். பழைய கீறல் இப்போதுதான் தெரியவந்தாலும் ‘காலம் கடந்துவிட்டது’ என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எஞ்சுவது கூலிப் பிரச்சினை. தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆனால் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் தோட்டத்திலிருந்து இறங்கிப் பேருந்துக்குக் காத்திருந்து, வரிசையில் நின்று, மாலையில் திரும்பினால் ஒரு நாள் கூலி போகும். மூன்றாம் தவணையோடு பலர் நின்றுவிடுவதற்கு அலட்சியத்தைக் காட்டிலும் இதுவே காரணம் என்பது என் எண்ணம். அவர்களுக்கு அறிவுரை கூறிப் பயனில்லை. ஊசி அட்டையைக் காட்டினால் அந்நாளுக்குக் கூலி பிடிப்பதில்லை என்று தோட்ட நிர்வாகங்கள் முடிவு செய்யலாம். ஒரு தொழிலாளிக்கு நான்கே நாள், அதுவும் என்றோ ஒரு முறை. எந்தத் தோட்டத்தின் கணக்கிலும் அது பெரிய செலவாக நிற்காது.