ஆற்றுப்படையும் இலவசப் பயணமும்

புரவலர் செலவில் தீவுகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, திரும்பி வந்து அத்தீவுகளைப் புகழ்ந்து எழுதும் பயணப் பதிவர்களைக் குறித்துப் பேச்செழும்போதெல்லாம், தமிழ்ப்புலத்தார் எவரேனும் ஒருவர் ஆற்றுப்படையைத் துணைக்கு அழைத்துவிடுகிறார். பரிசில் பெற்ற பாணன் பெறாத பாணனுக்கு வழி சொன்னான். இன்றைய பதிவர் தம்மைப் பின்தொடர்வோருக்கு வழி சொல்கிறார். இதில் புதிதாக என்ன கேடு வந்துவிட்டது என்பது வாதம். கேட்க நயமான ஒப்புமைதான். ஆனால் ஆற்றுப்படையின் இலக்கணத்தைப் படித்தவர்கள் சொல்லத் தகாத ஒப்புமை.

தொல்காப்பியப் புறத்திணையியல் ஆற்றுப்படையை வரையறுக்கும்போது பாடுவோரின் திறமையையோ நாட்டின் வனப்பையோ முன்னிறுத்தவில்லை. கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியரும் தாம் பெற்ற வளத்தைப் பெறாதோர்க்கு அறிவித்தல் என்பதே அங்குச் சொல்லப்படும் சாரம். ‘பெற்றேன்’ என்னும் ஒப்புதல் இல்லையெனில் அவ்வகைமையே இல்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளித்த ஊண், கள், உடை, தேர் என ஒவ்வொன்றும் விரிவாகச் சொல்லப்படுகிறது. கேட்பவன் அதைக் கொண்டே புகழுரைக்கு எவ்வளவு எடை தரலாம் என்று முடிவு செய்துகொள்ளலாம். மேலும், வழி சொல்லப்பட்டவனும் அதே வாயிலில் அதே பரிசிலைப் பெறுவான் என்பதே அங்குள்ள எதிர்பார்ப்பு. இன்றைய பதிவரைப் பின்தொடர்ந்து செல்பவர் பெறுவதோ கட்டணச் சீட்டு.

மலைபடுகடாத்தைப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். நன்னனை நோக்கிக் கூத்தரை அனுப்பும் அந்நூல், வழியிலுள்ள பன்றிப் பொறிகளையும், பாம்பு கிடக்கும் குழிகளையும், புனங்காவலர் எறியும் கவண்கற்களையும், வழுக்கும் நீர்க்கரைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி எச்சரிக்கிறது. புரவலனைப் பாடும் பாட்டுத்தான். ஆயினும் செல்பவன் உயிருக்குப் பாடுபவன் பொறுப்பேற்றுக்கொள்கிறான்.

இனி, கொல்கத்தாவுக்கு வரலாம். இந்நகரில் நவம்பர் பிறந்து காற்று சற்றுக் குளிர்ந்ததும், கல்லூரி மாணவர்முதல் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்வரை எல்லாருடைய கைப்பேசித் திரையிலும் சுந்தரவனத் தீவுகள் மிதக்கத் தொடங்கும். குறிப்பாக மௌசுனி. சியால்தாவில் நாம்கானா ரயிலேறி, அங்கிருந்து சாலைவழி படகுத்துறைக்குச் சென்று, சினாய் ஆற்றைக் கடந்தால் தீவு. வார இறுதி இரண்டு நாளில் போய்த் திரும்பிவிடலாம். தீவின் கடலோரப் பகுதியான பலியாராவில் வரிசையாகக் கூடாரங்கள், மூங்கில் குடில்கள், இரவில் நெருப்பு மூட்டிப் பாட்டு, காலையில் லூச்சியும் ஆலுர்தொமும். காணொளிகள் யாவும் ஏறத்தாழ ஒரே வரிசையில் இவற்றைக் காட்டுகின்றன. அவற்றுள் எவை சொந்தச் செலவில் சென்றவரால் எடுக்கப்பட்டவை, எவை தங்குமிடமும் உணவும் இலவசமாகப் பெற்றவரால் எடுக்கப்பட்டவை என்பதைப் பார்ப்பவர் அறிய வழியில்லை. சிக்கலின் வேர் அந்த அறியமுடியாமையில் இருக்கிறது.

மொழியியலில் இதற்குச் சான்றுமை என்றொரு கருத்துண்டு. பேசுபவர் ஒரு செய்தியை நேரில் கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா, ஊகித்தாரா என்பதைச் சில மொழிகள் வினைவடிவிலேயே குறித்தாக வேண்டும். தமிழ் அந்த அளவுக்குக் கட்டாயப்படுத்துவதில்லை. எனினும் ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தானாம்’ என்பதற்கும் உள்ள இடைவெளி பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். வங்காளத்தில் ‘நாகி’ என்னும் சொல் இதற்கு நெருங்கிய பணியைச் செய்கிறது. விளம்பர நிறுவனம் ‘மௌசுனி அழகானது’ என்று சொன்னால் கேட்பவர் மனத்துள் ஓர் ‘ஆம்’ தானே ஒட்டிக்கொள்கிறது: அழகானதாம். ‘நான் சென்றேன், பார்த்தேன்’ என்று ஒருவர் சொல்லும்போது அந்த ‘ஆம்’ உதிர்ந்துவிடுகிறது. புரவலர் விலை கொடுத்து வாங்குவது இந்த உதிர்வைத்தான். அழகான படங்கள் அவர்களிடம் முன்பே இருக்கின்றன. இல்லாதது கண்ணால் கண்டவர் என்னும் தகுதி.

சட்டம் இதை அறியாமல் இல்லை. இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் இணையச் செல்வாக்காளர்களுக்கென நெறிமுறை வகுத்தது. 2023 ஜனவரியில் ஒன்றிய அரசின் நுகர்வோர் நலத்துறை வெளியிட்ட வழிகாட்டி, மறைக்கக் கூடாத பயன்களின் பட்டியலில் பயணத்தையும் விடுதித் தங்கலையும் வெளிப்படையாகவே சேர்த்தது. அறிவிப்பைக் குறிச்சொற்களோடு கலக்கக் கூடாது, காணொளியெனில் ஒலியிலும் காட்சியிலும் சொல்ல வேண்டும் என்றும் அது கூறுகிறது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் தண்டம் விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. நடைமுறையில் காணக்கிடைப்பதென்ன? முழுக்க வங்காளத்தில் பேசும் காணொளியின் அடியில், குறிச்சொற் குவியலின் நடுவே, ‘கொலாப்’ என்றோர் ஆங்கிலக் குறுக்கம். அது அறிவிப்பு ஆகாது; அறிவித்துவிட்டதாகக் கணக்குக் காட்டுவதற்கான சொல்.

தனியார் விடுதிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒன்றியச் சுற்றுலா அமைச்சகமே விருந்தோம்பல் திட்டமொன்றின்கீழ் வெளிநாட்டு எழுத்தாளர்களையும் கருத்துருவாக்குவோரையும் அழைத்துச் சுற்றிக்காட்டிவருகிறது. கேரளச் சுற்றுலாத்துறை 2014-இல் பல நாட்டுப் பதிவர்களைப் பேருந்திலேற்றி மாநிலம் முழுவதும் கொண்டுசென்றது. அது ஊரறிய நடந்தது, அதில் ஒளிவில்லை. ஆனால் அதே துறை 2024 தொடக்கத்திலிருந்து 41 செல்வாக்காளர்களை அரசுச் செலவில் அழைத்திருந்த செய்தி, 2025-இல் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்வழி வெளிவந்த பிறகே பொதுமக்களுக்குத் தெரிந்தது. அதுவும் அவர்களுள் ஒருவர் முற்றிலும் வேறொரு வழக்கில் கைதானதால். மக்கள் வரிப்பணத்தில் மக்களை நம்பவைக்க ஆன செலவை, மக்கள் மனு எழுதிக் கேட்டறிய வேண்டியிருந்தது.

உலக அளவில் பெரும்புகழ் பெற்ற முன்னுதாரணம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துடையது. 2009-இல் அம்மாநிலச் சுற்றுலாத்துறை ‘உலகின் மிகச் சிறந்த வேலை’ என்று விளம்பரம் செய்து, ஹாமில்டன் தீவில் ஆறு மாதம் தங்கிப் பதிவெழுத ஒன்றரை லட்சம் ஆஸ்திரேலிய டாலர் ஊதியம் அறிவித்தது. 34,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். பிரிட்டனைச் சேர்ந்த பென் சவுத்தால் தேர்வானார். கூலி எவ்வளவு என்று உலகுக்கே தெரிந்திருந்தது. அந்த நேர்மையைக்கூட இங்குள்ள பின்பற்றுவோர் இறக்குமதி செய்யவில்லை. பதவியின் பெயர் மட்டும் உறுத்தும்: ‘தீவுப் பாதுகாவலர்’. செய்த வேலை விளம்பரம். 2016-இலும் 2017-இலும் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் பவளங்கள் பேரளவில் வெளிறியபோது, அத்தகைய பாதுகாவலரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்பது தெளிவாயிற்று.

சொற்களைக் கவனிப்போர் மௌசுனிக் காணொளிகளில் ஓயாமல் ஒலிக்கும் ‘வர்ஜின் பீச்’ என்னும் தொடரையும் கவனிக்க வேண்டும். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் தீவு அது. நெல்லும் வெற்றிலையும் விளைத்து, மீன்பிடித்து, தலைமுறைகளாக மண்கரை கட்டிக் கடலைத் தடுத்து வருகிறார்கள். யாருடைய கால் படாத கரை? தமிழில் எழுதும் பதிவர்கள் அந்தமானைப் பற்றி ‘தீண்டப்படாத கடற்கரை’ என்று எழுதுகிறார்கள். அச்சொல் இந்நாட்டில் யார் மீது சுமத்தப்பட்டிருந்தது என்ற நினைவு கையை நடுக்கவில்லை போலும். ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையை எடுத்துக்கொண்டால், 2004-இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்றதிலிருந்து அதன் வரலாறு தொடங்குவதுபோல் எழுதுகிறார்கள். ராதாநகர், கோவிந்தநகர், ஷ்யாம்நகர் என்னும் ஊர்ப்பெயர்கள், கிழக்கு வங்காளத்திலிருந்து ஏதிலிகளாக வந்து கொல்கத்தாவில் கப்பலேறிய குடும்பங்களின் வைணவ நினைவிலிருந்து பிறந்தவை. பெயரே வரலாறாக நிற்க, அதன்மேல் நின்றுகொண்டு ‘யாரும் அறியாத இடம்’ என்கிறார்கள்.

தீவினருக்கு வருவாய் வருகிறதே என்னும் மறுப்பு புறந்தள்ளத் தக்கதன்று. படகோட்டிக்கும் டோட்டோ ஓட்டுநருக்கும் சமையற்காரப் பெண்ணுக்கும் குளிர்கால மாதங்களில் பணம் கிடைப்பது உண்மை. 2021 மே 26 அன்று யாஸ் புயலோடு உவா ஓதமும் சேர்ந்து கரைகளை உடைத்தபோது பலியாராவின் கூடாரங்களும் போயின, வயல்களில் உப்புநீரும் புகுந்தது. கூடாரங்கள் அடுத்த பருவத்துக்குள் மீண்டும் முளைக்கக்கூடியவை. உப்பேறிய நிலம் அப்படியன்று. அத்தீவின் இளைஞர்கள் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கட்டட வேலைக்குச் செல்வது அதனால்தான். சற்றுத் தொலைவில் கோராமாரா தேய்ந்துகொண்டிருக்கிறது; லோகாச்சரா ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டது. இதையெல்லாம் யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் கடலியல் ஆய்வுப் பள்ளி பல ஆண்டுகளாகப் பதிந்துவருகிறது. ஒரு காணொளிப் பதிவரையாவது எந்தப் புரவலரும் அந்த ஆய்வர்களோடு படகேற்றி அனுப்பியதுண்டா?

ஆய்வுலகம் இதில் வெறும் பார்வையாளராக இல்லை. சுற்றுலாவியலிலும் தொடர்பியலிலும் கணினி மொழியியலிலும் பயணப் பதிவுகள் இன்று தரவு. ஆயிரக்கணக்கான பதிவுகளைத் திரட்டி, அவற்றின் உணர்வுச்சாய்வை அளந்து, ‘பயணிகள் மனநிறைவடைந்துள்ளனர்’ என்று முடிவு எழுதப்படுகிறது. விருந்துண்டவர் சொல்லையும் விலைகொடுத்து உண்டவர் சொல்லையும் பிரித்தறியாமல் கட்டிய தரவுத்தொகுப்பு, விளம்பரத்தை ஆய்வேடாக மாற்றிக்கொடுக்கும் எந்திரம். அந்த ஆய்வேட்டை மேற்கோள் காட்டி அரசுத்துறை அடுத்த இலவசப் பயணத்துக்கு நிதி கேட்கும். யாருடைய செலவில் எழுதப்பட்டது என்னும் ஒரு பத்தியைத் தரவில் சேர்ப்பது கடினமன்று. தெரியாதவற்றுக்கு நேரே ‘தெரியவில்லை’ என்று குறித்தாலே முடிவுகள் பல ஆட்டங்காணும். அரசுத்துறைகளும் யாரை அழைத்தோம், எவ்வளவு செலவிட்டோம் என்பதை மனுவுக்குக் காத்திராமல் தம் தளத்தில் வெளியிடலாம்.

மௌசுனியிலும் சாகரிலும் வாழ்பவர்கள் நாளைத் திட்டமிடுவது ஓதத்தைக் கொண்டு. உவா நாள் பெருநீருக்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘பரா கொடால்’. சிறுநீர் நாள்களுக்கு ‘மரா கொடால்’. எந்த இரவில் கரையோரத்தில் படுக்கலாம், எந்த இரவில் கூடாது என்பது அச்சொற்களுக்குள் இருக்கிறது. சூரியன் மறையும் நேரத்தை நிமிடக்கணக்கில் சொல்லும் காணொளிகளில் அவ்விரு சொற்களும் வருவதில்லை.