ஆண்டு நடுவில் கடல் கடப்போரும் இரு நாட்டு வரியும்

நம்மவர் கடல் கடந்து சென்று உழைப்பது இன்று தோன்றிய வழக்கமன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் பணிபுரிந்தனர். அவர்தம் ஓய்வூதியம் நம் கிராமங்கள் பலவற்றில் கல்வீடுகளை எழுப்பிற்று. இன்று வைத்தியரும் தாதியரும் பொறியியலாளரும் கணக்காளரும் பிரித்தானியாவுக்கும் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் புறப்படுகின்றனர். விசாவைப் பற்றியும் விமானச் சீட்டைப் பற்றியும் மாதக் கணக்கில் ஆலோசிக்கும் குடும்பங்கள், வருமான வரியைப் பற்றி ஒரு நாளேனும் வாய் திறப்பதில்லை.

இந்த மௌனத்துக்குக் காரணம் அச்சமே. “இங்கும் கணக்குக் காட்டி, அங்கும் கணக்குக் காட்டினால் இரு மடங்கு வரி கட்ட நேரும், வாளாவிருப்பதே நன்று” என்று பலரும் எண்ணுகின்றனர். இந்த எண்ணம் முற்றிலும் தவறானது. இரட்டை வரியினின்றும் ஒருவரைக் காப்பதற்குச் சட்டம் உண்டு. ஆனால் அச்சட்டம் கணக்குக் காட்டியவரையே காக்கும், மறைத்தவரைக் காக்காது. இதனை நம் மக்கள் தெளிவாக உணர்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். யாழ்ப்பாணத்தில் மாதச் சம்பளம் பெற்றுவந்த வைத்தியர் ஒருவர், 2025 செப்டெம்பர் 30 இரவு கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, ஒக்டோபர் 1 இல் இலண்டனில் இறங்கினார் எனக் கொள்வோம். கிளிநொச்சியில் அவருக்கு நெல்வயல் உண்டு. அதனை அயலவர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். வங்கியில் நிலையான வைப்பும் உண்டு. அவர் எந்த நாட்டின் வரிக்கு உட்பட்டவர்?

இலங்கையின் மதிப்பீட்டாண்டு ஏப்பிரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிகிறது. அந்த ஆண்டில் அவர் புறப்படும் வரை இங்கே தங்கிய நாட்களை எண்ணின் சரியாக 183 ஆகும். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, 183 நாட்கள் இங்கிருந்தவர் வதிவாளர். அதுமட்டுமன்று, அந்த 183 நாட்களை அவ்வாண்டில் தொடங்கும் அல்லது முடியும் எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் எண்ணலாம் எனச் சட்டம் கூறுகிறது. ஆதலால் அவர் மே மாதத்திலேயே புறப்பட்டிருந்தாலும் முந்திய மாதங்களின் கணக்கு அவரை விடாது. வதிவாளரானவர் உலகில் எங்கு ஈட்டிய வருமானத்தையும் இங்கே காட்டக் கடமைப்பட்டவர்.

பிரித்தானியாவின் வரியாண்டோ ஏப்பிரல் 6 இல் தொடங்கி அடுத்த ஏப்பிரல் 5 இல் முடிகிறது. 1752 இல் அந்நாடு நாட்காட்டியைத் திருத்தி 11 நாட்களைக் கழித்ததன் எச்சம் இது. ஒக்டோபர் 1 முதல் ஏப்பிரல் 5 வரை எண்ணின் 187 நாட்கள் வரும். அங்கும் 183 நாட்களே எல்லை. எனவே அவர் அங்கும் வதிவாளரே. ஒரே ஆண்டில் ஒரே மனிதரை இரண்டு அரசுகள் தம்முடையவர் என்கின்றன. இஃது அவர் செய்த குற்றமன்று; இரு சட்டங்கள் சந்திக்கும் இடத்தில் அவர் நிற்கிறார், அவ்வளவே.

இந்நிலைக்குப் பரிகாரம் இரண்டு உண்டு. முதலாவது, பிரித்தானியச் சட்டமே தருவது. உரிய நிபந்தனைகள் பொருந்துமாயின், ஆண்டை இரண்டாகப் பிரித்து, வருகைக்கு முந்திய பகுதியில் அவரை வதியாதவராகவே அச்சட்டம் கருதும். ஆகவே அவர் இங்கே ஆறு மாதம் பெற்ற சம்பளத்தையும், ஆவணியில் கிடைத்த சிறுபோகக் குத்தகையையும் பிரித்தானியா தொடாது. ஆனால் மாசியில் காலபோக நெல் அறுத்தபின் கைக்கு வரும் குத்தகைப் பணம் அவர் இலண்டனில் இருக்கும்போது வருவது. அதனை இரு நாடும் கேட்கும்.

இரண்டாவது பரிகாரம், இலங்கையும் பிரித்தானியாவும் 1979 இல் செய்துகொண்ட இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கை. இருவரும் ஒருவரையே வதிவாளர் எனின், அவருக்கு நிலையான வீடு எங்கே, குடும்பமும் பொருளியல் தொடர்பும் எங்கே மிகுதி, வழக்கமாக வாழ்வது எங்கே, எந்நாட்டுக் குடிமகன் என அது வரிசையாக வினவி, ஒரு நாட்டுக்கு உரியவராக்குகிறது. நிலத்தின் வருமானத்துக்கு அந்நிலம் கிடக்கும் நாடு வரி விதிக்கலாம். பிரித்தானியாவில் செய்த வேலையின் சம்பளத்துக்குப் பிரித்தானியா வரி விதிக்கலாம். ஒரே வருமானத்துக்கு இரு நாடும் வரி கேட்கும்போது, ஒரு நாட்டில் கட்டியதை மற்ற நாடு கழித்துக்கொடுக்க வேண்டும். குத்தகைப் பணத்துக்கு இலங்கையில் 100 பவுண் பெறுமதியான வரி கட்டியிருக்க, பிரித்தானியக் கணக்கில் 160 பவுண் வருமாயின், அங்கே கட்டவேண்டியது 60 பவுண் மட்டுமே. இங்கே கட்டியது கூடுதலாயின் அங்கே கட்டுவதற்கு ஒன்றுமில்லை; மிஞ்சியதை அவர்கள் திருப்பித் தரவும் மாட்டார்கள்.

இவ்வளவும் கணக்குக் காட்டியவர்க்கே. இங்கே கட்டிய பற்றுச்சீட்டு இல்லாதவர் அங்கே எதனைக் கழிக்கச் சொல்லுவார்?

இன்னோர் இடத்திலும் நம்மவர் இடறி வீழக்கூடும். 2025 ஏப்பிரல் 6 முதல், பத்து வரியாண்டுகள் தொடர்ந்து வெளியே வாழ்ந்து புதிதாக வருவோர்க்கு, முதல் நான்கு ஆண்டுகளின் வெளிநாட்டு வருமானத்துக்குப் பிரித்தானியா விலக்களிக்கிறது. “விலக்குண்டு” என்று நண்பர் கூறக் கேட்டுப் பலர் உடனே கைநீட்டுவர். ஆனால் அதனைக் கோரும் ஆண்டில் 12,570 பவுண் தனிநபர் விலக்கு பறிபோகும். அடிப்படை வீதமாகிய நூற்றுக்கு 20 இல் கணக்கிட்டால் அது 2,514 பவுண் நட்டம். சில ஏக்கர் வயலின் குத்தகை வரியைத் தப்புவிக்க இவ்வளவு இழப்பது எவ்வகை அறிவுடைமை? பெருஞ்சொத்துடையார்க்கு அமைந்த சலுகையைச் சிறுகுத்தகைக்காரர் அணிந்துகொள்ளுதல் ஆகாது.

நாட்களையும் நினைவில் இருத்துக. மேற்கூறிய வைத்தியர் இலங்கையில் மீதி வரியை 2026 செப்டெம்பர் 30 க்குள்ளும், வருமான விபரத்திரட்டை நவம்பர் 30 க்குள்ளும் கொடுத்தல் வேண்டும். பிரித்தானியாவில் 2026 ஒக்டோபர் 5 க்குள் பதிவுசெய்து, இணையவழிக் கணக்கை 2027 சனவரி 31 க்குள் அனுப்புதல் வேண்டும். பிந்தினால் அங்கே முதல் தண்டமே 100 பவுண். மூன்று மாதம் கடந்தால் நாளொன்றுக்கு 10 பவுண் வீதம் ஏறும். கனடா செல்வோர்க்குச் சனவரி முதல் திசெம்பர் வரையும், அவுஸ்திரேலியா செல்வோர்க்கு யூலை முதல் யூன் வரையும் வரியாண்டு. அந்நாடுகளோடும் இலங்கைக்கு உடன்படிக்கை உண்டு. ஆண்டுகள் பொருந்தாமையால் கணக்கைப் பிரித்தெழுதும் வேலை மட்டும் கூடும்.

புறப்படுமுன் சம்பளத்தில் கழித்த வரிச் சான்றிதழ், வங்கி வட்டியில் பிடித்த வரிச் சான்றிதழ், குத்தகை உடன்படிக்கை, கடவுச்சீட்டிற் பதிந்த நாட்கள் ஆகியவற்றின் பிரதிகளை ஒரு கோவையில் வைத்துச் செல்க. அற்றோணித் தத்துவம் பெற்று ஊரில் நிற்கும் தந்தையோ தமையனோ கடிதம் வந்தபின் தேடித் திரியும் நிலையை வைக்காதீர்கள்.

“இச்சிறு குத்தகைக்கு இவ்வளவு ஆரவாரமா?” என விவசாயி கேட்கலாம். 2025 ஏப்பிரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை இங்கே தனிநபர் நிவாரணம் உண்டு. குத்தகை மட்டுமே வருமானமாயின் பலருக்கு இங்கே வரியே வராது. ஆனால் அதே ஆண்டில் வைத்தியரின் ஆறு மாதச் சம்பளமும் அதனோடு சேர்கிறது. வரி வருமா வராதா என்பதைக் கணக்கே காட்டவேண்டும், ஊகமன்று.

“நாம் கட்டும் வரியால் நமக்கென்ன பயன்?” எனவும் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஆயினும் 2019 இன் இறுதியில் வரிகளைக் கண்டபடி குறைத்ததும், 2022 ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது கைவிரித்ததற்குக் காரணங்களுள் ஒன்று. அந்நாட்களில் பசளையும் மண்ணெண்ணெயுமின்றி வாடிய வயல்களை நம் விவசாயிகள் மறந்திரார். வரி கட்டாதவன் முறையிடும்போது அவன் சொல் வலுவிழக்கிறது. கட்டியவனோ கணக்குக் கேட்கும் உரிமையோடு எழுந்து நிற்கிறான்.

அந்த உரிமையோடு அரசிடம் மூன்று கோரிக்கைகளை வைப்போம். முதலாவது, பிரித்தானியா செய்வதுபோல், புறப்படும் நாளோடு ஆண்டைப் பிரித்துக் கணிக்கும் விதியை நம் சட்டத்திலும் சேர்த்தல் வேண்டும். ஆறு மாதம் இங்கே உழைத்தவரை ஆண்டு முழுமைக்கும் வதிவாளரெனக் கொண்டு, பின்னர் உடன்படிக்கையைத் தேடி ஓடவைப்பது முறையன்று. இரண்டாவது, நாட்டைவிட்டுச் செல்வோர்க்கென எளிய தமிழில் ஒரு கையேட்டை அச்சிட்டு, பிரதேச செயலகந்தோறும் வைத்தல் வேண்டும். 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. வரி கேட்கும் மொழியில் வழிகாட்டுதலும் அமைதல் வேண்டும். மூன்றாவது, வதிவிடச் சான்றிதழை வெளிநாட்டிலிருந்தே விண்ணப்பித்து, குறித்த நாட்களுக்குள் பெறுவதற்கு உறுதியான ஏற்பாடு வேண்டும். கணக்காளரை அமர்த்தும் வசதி படைத்தோர்க்கு மட்டும் உடன்படிக்கையின் பயன் கிட்டுமாயின், அது நீதியன்று.

அரசு இவற்றைச் செய்யும்வரை நாம் காத்திருக்கலாகாது. பிள்ளையை அனுப்பும் ஒவ்வொரு குடும்பமும், பெட்டி கட்டும் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை இக்கணக்குக்கு ஒதுக்குக. இரு நாட்டுக்கும் உண்மையைச் சொல்லுவோர்க்கு ஒரு வரிச்சுமையே வரும். இரு நாட்டுக்கும் மறைப்போரையே இரு நாட்டின் தண்டமும் தேடி வரும்.